நேர்ந்துவிட்ட பச்சையும் இத்தாலித் துவையலும்

"அந்தக் காலத்து மனுசங்க மாதிரி இனிமே பொறந்துதான் வரணும்" என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை. கண் டாக்டர் வீட்டு பெஞ்சிலும், கல்யாண மண்டபத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே போட்ட நாற்காலிகளிலும், நம் வயதுக்காரிகள் நாலு பேர் கூடினால் இதே பேச்சுதான். அவர்கள் பிறந்து வரவே வேண்டாம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னால் மூக்கின்மேல் விரல் வைப்பீர்கள் என்று இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். இனி யாருக்காகப் பேசாமல் இருக்க வேண்டும்?

போன வாரம் என் மருமகள் ஒரு கண்ணாடிப் புட்டியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே பச்சையாக ஒரு விழுது, மேலே எண்ணெய் மிதந்தது. பெஸ்டோ என்று பெயராம். "இதெல்லாம் நீங்க பாத்திருக்க மாட்டீங்க அத்தை" என்றாள். நான் அதை உரலிலிருந்து வழித்து நக்கியபோது அவளுடைய அம்மாவே பிறந்திருக்கவில்லை. சொல்லவில்லை. சொன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும், அவளுக்குப் பொறுமை கிடையாது. உங்களுக்கும் இல்லைதான், ஆனால் உங்களுக்கு வேறு வேலையும் இல்லை.

யுத்த காலம். அரிசிக்குக் கார்டு போட்டிருந்தார்கள், மண்ணெண்ணெய்க்கு அலைச்சல். எங்கள் வீடு மதுரையில் காளவாசலைத் தாண்டி, செங்கல் சூளைகளுக்கும் நெல் வயலுக்கும் நடுவில் இருந்தது. டவுனில் இருக்கிறோம் என்றும் சொல்லிக்கொள்ளலாம், விவசாயக் குடும்பம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். எது மரியாதையோ அதைச் சொல்லிக்கொள்வார்கள் எங்கள் வீட்டு ஆண்கள். அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், அப்பாவின் தங்கையான சின்ன அத்தை இருந்தாள். பெங்களூரிலிருந்து திரும்பி வந்த பெரியப்பாவும் இருந்தார்.

பெரியப்பா பெங்களூரில் இத்தாலிக்காரக் கைதிகளை அடைத்துவைத்திருந்த முகாமில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தவர். லீவில் வந்திருக்கிறேன் என்றார். அந்த லீவு முடியவே இல்லை. என்ன நடந்தது என்று அப்பா கேட்கவில்லை. அண்ணனைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லையாம். மதுரை வெயிலில் முழங்கால் வரை கம்பளி ஸ்டாக்கிங்ஸ் மாட்டிக்கொண்டு, குதிரைவண்டிக்காரரிடம் இங்கிலீஷ் பேசிக்கொண்டு திரிந்தார். வண்டிக்காரர் "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஓட்டுவார். இத்தாலிக்காரர்கள் முகாமுக்குள் என்ன பயிர் செய்தார்கள், என்ன சமைத்தார்கள், எப்படி அழுதார்கள் என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் பிரசங்கம் நடக்கும். அவர்களில் ஒருவர்கூட இவரிடம் பேசியிருக்க மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருப்பார். பார்த்ததையெல்லாம் தாமே சமைத்த மாதிரி சொல்வதற்கு அவருக்குப் பிறவியிலேயே திறமை உண்டு.

சின்ன அத்தையின் வீட்டுக்காரர் கீழக்குயில்குடிக்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவர். சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரன் பிடித்த கூட்டத்தில் அவரும் இருந்தார் என்று மட்டும் தெரியும். இருக்கிறாரா, செத்தாரா என்று ஒரு தகவலும் இல்லை. அடுத்த வருஷம் மழை விழுந்ததும் அத்தை கிணற்றடியில் ஒரு பாத்தி கட்டி, திருநீற்றுப்பச்சை விதைத்தாள். அதில் ஒரு இலைகூடக் கிள்ளாமல் வளர்த்து, மண்குதிரை தூக்கிப் போகிற புரவியெடுப்பு அன்று அவர் ஊர் மலையடிவாரத்து அய்யனாருக்குத் தலையிலிருந்து கால்வரை பச்சை மாலையால் மூடுவதாக நேர்த்தி. அதற்குள் அவர் உயிரோடு இருக்கும் செய்தி வர வேண்டும். இதுதான் அவளுக்கும் அய்யனாருக்கும் ஒப்பந்தம்.

சாமிக்கு நேர்ந்ததை மோந்து பார்க்கக் கூடாது. அது உங்களுக்கும் தெரியும். மல்லிகையோ ரோஜாவோ என்றால் தூர நின்று தப்பிக்கலாம். திருநீற்றுப்பச்சையை என்ன செய்வது? தொட்டாலே மணக்கும், சேலை உரசினால் மணக்கும். அதனால் அத்தை பூசாரி மாதிரி மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றப் போவாள். பிள்ளைகளான நாங்கள் பாத்திப் பக்கமே போகக் கூடாது. நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். வாசம் தானாக நம்மைத் தேடி வந்தால் குற்றமில்லை, நாம் தேடிப் போனால்தான் குற்றம் என்று எங்களுக்குள் சட்டம் போட்டுக்கொண்டு, சாயங்காலக் காற்று வீசும் பக்கமாகப் பார்த்துத் துணி துவைக்கிற கல்லில் வரிசையாக உட்கார்ந்துகொள்வோம். துளசியின் காரமும் கிராம்பின் இனிப்பும் கலந்த ஒரு வாசம் வயல் ஈரத்தோடு சேர்ந்து வரும். எங்கள் சட்டம் அந்த வீட்டுப் பெரியவர்கள் போட்ட எந்தச் சட்டத்தையும்விட நேர்மையானது.

பெரியப்பாவின் கண் அந்தப் பாத்தியில் விழுந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ வந்தவர் கிணற்றடியிலேயே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, நமக்கு மிலிட்டரி துரை ஒருத்தரு பழக்கமாயிருக்காரு. அவரு டெல்லிக்கு ஒரு தந்தி அடிச்சாப் போதும். மாப்ள எந்தக் கேம்ப்ல இருக்காருன்னு தெரிஞ்சிரும்."

அத்தையின் கையிலிருந்த வாளிக் கயிறு நின்றுவிட்டது. "கேளுங்கண்ணே. இன்னைக்கே போய்க் கேளுங்க."

"சும்மா போயி நின்னு கேக்க முடியுமா? வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்கணும். அவுக சாப்பாடாப் பாத்து வைக்கணும். இந்தா நிக்கிது பாரு, இதுதான். இத்தாலிக்காரன் இதைத்தான் பச்சையா இடிச்சு எண்ணெய விட்டுத் திங்கிறான். துரைமாருக்கு இதுன்னா உசுரு."

"அண்ணே, அது நேந்துவிட்டது."

"யாருக்காக நேந்துவிட்ட? மாப்ளைக்காகத்தான? அவருக்காகத்தான் நானும் கேக்கேன். அய்யனாரு கோவிச்சுக்கிருவாராக்கும்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நேந்துவிட்ட கெடாய இப்படித்தான் விருந்தாளிக்கு அறுத்துக் குழம்பு வப்பாகளோ?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார், உன் பெண்டாட்டியை அடக்கு என்று அர்த்தம். அப்பா வெற்றிலையில் நரம்பு கிழித்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தின் பெரிய முடிவுகள் அத்தனையும் அப்பா வெற்றிலை நரம்பு கிழித்துக்கொண்டிருக்கும்போதுதான் எடுக்கப்பட்டன. அவரை நல்லவர், வாய் திறவாதவர் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். திறக்க வேண்டிய இடத்தில் திறக்காத வாயை நான் நல்ல வாய் என்று சொல்ல மாட்டேன்.

அன்று ராத்திரி அத்தை சாப்பிடவில்லை. விடிந்ததும் பெரியப்பா முகம் கழுவ வரும் வரை கிணற்றடியில் காத்திருந்தாள். "பறிச்சுக்கிருங்கண்ணே. ஆனா மறக்காமக் கேட்டுருவீகள்ல?" என்றாள். "கேக்காம? அதுக்குத்தான விருந்தே" என்றார் அவர், பல்பொடி நுரையோடு.

விருந்து நாள் காலையில், வெயில் ஏறுமுன்னே பறித்தார்கள். பெரியப்பா ஸ்டாக்கிங்ஸ் சகிதமாக வரப்பில் நின்று உத்தரவு போட்டார். பூ விடாத நுனியாகப் பார்த்துக் கிள்ள வேண்டும், காம்பு கூடாது, அரிவாள்மணைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, இரும்பு பட்டால் கறுத்துவிடும். அத்தை வழக்கம்போல் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். இரண்டு கொழுந்து கிள்ளினாள். அப்புறம் நிமிர்ந்து துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இனி அது சாமிக்கு இல்லையே. கை நிறைய இலையை அள்ளி முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள்.

"இம்புட்டு வாசமா இருந்துச்சா இது" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியை அவள் முதல்தடவை மோந்து பார்த்தது அன்றுதான். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு ஏனென்று புரியவில்லை, ஆனால் பயமாக இருந்தது. பெரியப்பா, "சீக்கிரம், வெயில் வந்தா வாடிரும்" என்றார். மடி மடியாகக் கொண்டுவந்து முறத்தில் கொட்டினாள். மத்தியானத்துக்குள் பாத்தியில் வெறும் குச்சிகள்தான் நின்றன.

துவையல் அரைத்த கதையைக் கேளுங்கள். அம்மியில் அரைத்துவிடலாம் என்றாள் அம்மா. கூடாதாம், கல்லில் போட்டு மரக்கட்டையால்தான் இடிக்க வேண்டுமாம். உரலைக் கழுவிப் பூண்டும் உப்பும் போட்டு இடித்தார்கள். இத்தாலியில் ஏதோ ஒரு மரத்துக் கொட்டை போடுவார்களாம், இங்கே நிலக்கடலை போட்டார்கள். ஒலிவ எண்ணெய்க்கு எங்கே போவது? இங்கிலீஷ் மருந்துக் கடையில் காதுவலிக்கு விடுகிற சின்னப் புட்டிகளை வாங்கிவந்து உடைத்து ஊற்றினார் பெரியப்பா. அது உரலின் ஒரு மூலைக்குக்கூடக் காணவில்லை. மீதிக்கு நல்லெண்ணெய். கடைசியில் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். பாலைப் புளிக்க வைத்துச் செய்ததாம், சீஸ் என்றார். அந்த நாற்றம் அடுக்களையை விட்டுத் தெரு வரைக்கும் போனது.

"ஆத்தாடி" என்று அம்மா முந்தானையை இழுத்து மூக்கை மூடினாள். "மூக்குல கட்டுற துணி எங்க அத்தாச்சி? இப்பத்தான் அதுக்கு வேலை வந்திருக்கு."

அத்தை சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கார்டு அரிசியை மாவாக்கி அம்மா இடியாப்பம் பிழிந்திருந்தாள், இத்தாலிக்காரர்கள் நூல் நூலாக இருக்கும் எதிலோ இதைப் பிசைந்து சாப்பிடுவார்கள் என்பதால். எல்லாம் தட்டுக்குப் போன பிறகு உரலை வழித்துத் தின்றது நான்தான். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது. பெரியப்பா கை வைத்து நன்றாக வந்த ஒரே காரியம் அது, அதையும் இடித்தது அம்மா.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் துரை வந்தார், சைக்கிளில். ஜீப் ரிப்பேர் என்று பெரியப்பா எங்களுக்கு உள்ளே வந்து சொல்லிவிட்டுப் போனார். துரை நம் நிறத்துக்குச் சற்றே வெளுப்பு, அவ்வளவுதான். அது இந்த ஊர் வெயிலில் கறுத்ததாம். அதற்கும் பெரியப்பாவிடம் பதில் இருந்தது.

எங்கள் வீட்டில் வெளி ஆண்கள் வந்தால் பெண்கள் கூடத்துக்கு வர மாட்டார்கள். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் தெரியும் என்று என்னையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். என் தோளில் அவள் கை இருந்தது, சில்லென்று.

"கேட்டாரா?"

"இன்னும் இல்ல. பெங்களூரப் பத்திப் பேசுறாரு."

கூடத்தில் பெரியப்பாவின் சிரிப்பு கேட்டது. அவர் சிரிப்பதும் இங்கிலீஷில்தான்.

"இப்பக் கேட்டாரா?"

"துவையல் எப்படி அரைக்கிறதுன்னு சொல்றாரு. அவரே அரைச்சாராம்."

"இப்ப?"

"வேலை காலியிருக்கான்னு கேக்குறாரு."

"யாருக்கு?"

"அவருக்கு."

அத்தை இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பட்டாளத்துச் சாமான் டிப்போவில் என்ன சம்பளம் கிடைக்கும், குவார்ட்டர்ஸ் உண்டா, எப்போது சேரலாம் என்று பெரியப்பா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். துரை கை கழுவ எழப்போகிற மாதிரி நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அத்தை என் தோளை விட்டுவிட்டுக் கூடத்துக்குள் போய் நடுவில் நின்றாள். முக்காடுகூடப் போடவில்லை.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூருக்குப் போன பட்டாளத்துல லாரி ஓட்டுனவரு. பிடிச்சுட்டுப் போயிட்டாகன்னு சொல்றாக. இருக்காரா இல்லையான்னு கேட்டுச் சொல்லணும். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது."

பெரியப்பா துரையிடம் குனிந்து, அவளுக்கு மனநிலை சரியில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்திருக்கும். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை எழுந்து நின்றார். அவர் வாயிலிருந்து வந்தது சுத்தமான மதுரைத் தமிழ்.

"எனக்குத் தமிழ் தெரியும்மா. ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பொறந்து வளந்ததெல்லாம் இங்கனதான், ரயில்வே குவார்ட்டர்ஸ். நான் துரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. டிப்போவுல டின் எண்ணி அடுக்குற ஆளு. பிஸ்கட் டின்னு, சீஸ் டின்னு. பட்டாளத்து ஆளுக பேரு எதுவும் என் கைக்கு வராது. அது இவருக்கும் தெரியும். வேலை வேணும்னு மாசக்கணக்கா என்னையச் சுத்திக்கிட்டு இருக்காரு. உங்க விசயம் எதுவும் சொல்லலயேம்மா. சொல்லியிருந்தா இந்த விருந்துக்கே வந்திருக்க மாட்டேன்."

அத்தை தட்டைப் பார்த்தாள். இடியாப்பத்தின் மேல் பச்சை விழுது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவர் அவள் பார்வையைப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா. எங்க அம்மா கொத்தமல்லியில இப்படித்தான் அரைப்பாக" என்றார். கை கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்விட்டார். பெரியப்பா வாசல் வரை பின்னாலேயே ஓடி, இருட்டில் இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? "வாயெடுக்கப் போனேன், அதுக்குள்ள வந்து கெடுத்துப்புட்டா" என்றார். அதையும் வீடு நம்பியது. நம்பவில்லை என்றால் அண்ணனைப் பொய்யன் என்று சொல்ல வேண்டும், அதைவிடத் தங்கையை அடக்கமில்லாதவள் என்று சொல்லிவிடுவது எங்கள் ஆட்களுக்குச் சுலபம். பெரியப்பாவுக்கு டிப்போவில் வேலை கிடைக்கவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை.

புரவியெடுப்பு அன்று மண்குதிரைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டம் மலையடிவாரத்துக்குப் போனபோது அத்தையும் போனாள், வெறுங்கையோடு. சந்நிதிக்குள் போகாமல் தாமரைக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். மழைக்குப் பிறகு பாத்தியில் குச்சிகள் மறுபடி துளிர்த்து முன்பைவிட அடர்ந்து மண்டின. அவள் தண்ணீரும் ஊற்றவில்லை, பிடுங்கவும் இல்லை. இப்போது நாங்கள் எப்படி வேண்டுமானாலும் மோந்து பார்க்கலாம். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஒருவர் வந்தார். கல்லுப்பட்டிப் பக்கத்துக்காரர், எலும்பும் தோலுமாக இருந்தார். மாமாவோடு ஒரே லாரியில் இருந்தவராம், சேர்ந்தே பிடிபட்டவர்களாம். முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் சொன்னார். காய்ச்சல் கண்டது, மருந்து கிடையாது, என் மடியில்தான் போனார், என் கையால்தான் குழி வெட்டி மண்ணைத் தள்ளினேன் என்றார். அம்மா ஓவென்று அழுதாள். அத்தை அழவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்கு இன்றும் கேட்கிறது.

"அன்னைக்கே நெனச்சேன். சாமிக்கு நேந்த பச்சையக் கிள்ளி எவனோ ஒருத்தன் தட்டுல போட்டா. அது சும்மா விடுமா? பொம்பளைக்கு நெதானம் வேணும்."

கிள்ளச் சொன்னவர் அவர். நான் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தேன். துக்கம் கேட்க வந்திருந்த அக்கம்பக்கத்தார் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார்.

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்பங்க கிள்ளுனது?" என்றார். யாரோ சொன்னார்கள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டாருங்க அவரு. பிடிபட்ட அந்த மொத மழைக்கே போயிட்டாரு."

முதல் மழை. அப்போது பாத்தியே கிடையாது. அத்தை விதை போட்டது அதற்கு அடுத்த வருஷத்து மழையில். அவள் மூக்கைக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றிய ஒவ்வொரு நாளும் அவர் மண்ணுக்குள் இருந்திருக்கிறார். கூடியிருந்த அத்தனை பேரும் இதை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. இனி பெரியப்பாவால் பேச முடியாது என்று நினைத்தேன். எவ்வளவு சின்னப் பிள்ளையாக இருந்திருக்கிறேன்.

"அதனால என்ன?" என்றார் பெரியப்பா. "இவ இப்படிச் செய்வான்னு சாமிக்கு முன்னாடியே தெரியும்ல?"

மறுபடி எல்லோரும் தலையாட்டினார்கள். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு முற்றமாக இருந்தாலும் ஆட்டியிருப்பீர்கள்.

அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பக் கிள்ளச் சொன்னது யாருன்னும் சாமிக்குத் தெரிஞ்சிருக்கும்லண்ணே."

பெரியப்பா துணி எடுக்க டவுனுக்குக் கிளம்பிவிட்டார். தங்கை தாலி அறுத்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணியை மூத்த அண்ணன்தான் போட வேண்டும். அந்த மரியாதையை அவர் விட்டுக்கொடுப்பாரா? சாயங்காலம் வெள்ளைப் புடவையோடு வந்தார். அத்தையை மணையில் உட்கார வைத்திருந்தார்கள், சுற்றிலும் பெண்கள். பெரியப்பா ஸ்டாக்கிங்ஸைக் கழற்றிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு புடவையை விரித்தார்.

"வேண்டாம்ணே" என்றாள் அத்தை.

அவர் காதில் விழாத மாதிரி இன்னும் ஓரடி வந்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். கல்லுப்பட்டிக்காரர் கடைசி பஸ்ஸுக்குப் போக முற்றத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவரைக் காட்டினாள்.

"அவருக்கு மண்ணப் போட்டது இவரு. எனக்குத் துணி போடுறதும் இவரே போடட்டும்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்த மனிதர் பதறிப்போனார். "தாயி, நான் உங்க ஆளுக இல்ல. உங்க வீட்டு முத்தம் வரைக்கும் வந்ததே பெருசு. என்கிட்டப் புதுத்துணியும் இல்ல."

"தோள்ல கெடக்குல்ல, அது போதும்."

அவர் தோளில் கிடந்தது பழைய துண்டு, எத்தனையோ துவைப்புக் கண்டது. அவர் பெரியப்பாவைப் பார்த்தார், அப்புறம் அத்தையைப் பார்த்தார். துண்டை எடுத்து உதறி, இரண்டு கையாலும் விரித்துக் குனிந்து அவள் தோளில் போர்த்தினார். அப்போதுதான் அத்தை அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

பெரியப்பா விரித்த புடவையோடு அப்படியே நின்றார். கோடித் துணியை எடுத்துவந்த பிறகு கீழே வைக்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.